இரண்டு கிராம் மிச்சம்

திருமூர்த்தியைத் தெருவில் நிறுத்த இரண்டு கிராம் தூள் போதுமானதாக இருந்தது. விஷமெல்லாம் இல்லை. பொட்டாசியம் குளோரைடும் சர்க்கரையும் ஆரஞ்சு வாசனைப் பொடியும் கலந்த தூள். இதய நோய்க்காக நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் குறைந்துபோகும். அதை ஈடுகட்ட இந்தத் தூளைப் பாக்கெட்டில் போட்டுத் தருவார்கள், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அந்தத் தூளில் இரண்டு கிராம், தீர்ந்துபோயிருக்க வேண்டிய இடத்தில் தீராமல் உட்கார்ந்திருந்தது. ஒரு குடும்பத்தின் கதை முடிய அது போதும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினேழு வருடம் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவர் அவர். பேராசிரியர் கரும்பலகையில் நாலு சமன்பாடு எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். ஆய்வகத்தில் அறுபது பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவது டெமான்ஸ்ட்ரேட்டரின் தலையெழுத்து. பியூரெட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார், திரவம் வளைந்து நிற்கிறதே அதன் அடிப்பக்கத்தைப் படி, பிப்பெட்டை ஊதாதே, குடுவையைக் குலுக்கு, குலுக்கு என்று கத்திக் கத்தி அவர் தொண்டையே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதல் நாள் வகுப்பில் பொருண்மை அழியா விதியை அவர்தான் எழுதச் சொல்வார். பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. வினைக்கு முன்னால் இருந்த நிறைதான் வினைக்குப் பின்னாலும் இருக்கும். பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதிக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் அவர் சொல்லிக்கொடுத்தார். அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ரெக்கார்டு நோட்டில் அட்டவணை போட்டால் அதில் மூன்று வரிசை இருக்கும். ஒரே சோதனையை மூன்று தடவை செய்து, பியூரெட்டில் எவ்வளவு இறங்கியது என்று எழுத வேண்டும். மூன்றும் ஒத்துப் போக வேண்டும். முதல் இரண்டும் ஒத்துப் போய்விட்டால் மூன்றாவதை யார் செய்வார்கள்? மணி நாலாகிவிடும், கடைசி பஸ் போய்விடும். மூன்றாவது வரிசையில் அதே எண்ணை எழுதிவிட வேண்டியதுதான். 'வேல்யூ போடுவது' என்று இதற்குப் பெயர். எல்லோரும் போட்டார்கள். சரிபார்க்க வந்த வெளித் தேர்வாளரும் தன் காலத்தில் போட்டவர்தான். திருட்டு என்றோ பொய் என்றோ ஒருவர் வாயிலும் வந்ததில்லை. பரீட்சைத் தாளில் பிள்ளையார் சுழி போடுவது மாதிரி அதுவும் ஒரு வழக்கம்.

கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. படித்தபோது அவருக்குப் பக்கத்து மேசையில் நின்று இதே மாதிரி வேல்யூ போட்ட சிவராமகிருஷ்ணன் மெட்ராஸ்காரர். அவர் முன்னாலேயே அமெரிக்கா போய், நியூ ஜெர்சியில் பார்சிப்பனிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் ஆகியிருந்தார். சின்ன மருந்துக் கம்பெனிகள் தங்கள் சரக்கை அனுப்பிச் சோதித்துக்கொள்கிற இடம். தொண்ணூற்றிரண்டில் அங்கே ஒரு கெமிஸ்ட் வேண்டும் என்றபோது அவர் திருமூர்த்தியைச் சொன்னார். திருமூர்த்தி நிரந்தர வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டையும் விற்றுவிட்டு, மனைவி எழிலரசியோடும் பதினோரு வயது மகள் கயலோடும் வந்து இறங்கினார். ஆறு வருட எச்-ஒன் விசா. தொண்ணூற்றேழு மே மாதம் அதில் ஐந்து வருடம் கரைந்திருந்தது. கிரீன் கார்டு மனு கம்பெனி பெயரில் எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது. வேலை போனால் விசா போகும், விசா போனால் மனுவும் போகும். இதை அவர் தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்வார். நாற்பத்தாறு வயதில் ஊருக்குத் திரும்பினால் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைகூட யாரும் தரப்போவதில்லை.

வந்த புதிதில் லேப் சூபர்வைசர் டோனா அவரை ஒரு பூஜ்ஜியத்துக்காகப் பிடித்துக்கொண்டார். டோனாவுக்கு அறுபது வயதிருக்கும்; கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். திருமூர்த்தி நோட்டில் 18.3 என்று எழுதியிருந்தார். டோனா அந்த இடத்தில் விரலை வைத்து, "திரு, இரண்டு கோட்டுக்கு நடுவில் எங்கே நின்றது?" என்று கேட்டார். சரியாகக் கோட்டின் மேலேயே நின்றது என்றார் இவர். அப்படியானால் 18.30 என்று எழுத வேண்டும் என்றார் அவர். மதிப்பு ஒன்றுதானே என்று இவர் முணுமுணுக்க, டோனா பொறுமையாகச் சொன்னார்: 18.3 என்றால் நீ சுமாராகப் பார்த்தாய் என்று அர்த்தம். 18.30 என்றால் அந்தக் கடைசி இடத்தையும் உன் கண்ணால் பார்த்தாய் என்று அர்த்தம். பார்க்காமல் அந்தப் பூஜ்ஜியத்தை எழுதக் கூடாது.

பதினேழு வருடம் சொல்லிக்கொடுத்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் நல்ல மாணவர். அன்றிலிருந்து பூஜ்ஜியத்தை விட்டதே இல்லை. இங்கே ரஃப் நோட்டும் கிடையாது, அழி ரப்பரும் கிடையாது, எல்லாம் பேனாவில் எழுத வேண்டும், தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்பதையெல்லாம்கூடக் கற்றுக்கொண்டார்.

தொண்ணூற்றேழு பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பனிப்புயல் வருகிறது என்று ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கெல்லாம் எல்லோரும் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திருமூர்த்தியின் மேசையில் அந்த ஆரஞ்சுத் தூள் மூன்று புட்டியில் இருந்தது. பெரிய டிரம்மின் மேலிருந்து எடுத்தது ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. புட்டிக்குப் பத்து கிராம். கலவை டிரம் முழுக்க ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த மூன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு கிராம் எடுத்து, தண்ணீரில் நூறு மில்லியாகக் கரைத்து, அதில் இருபது மில்லியை எடுத்து வெள்ளி நைட்ரேட் கரைசலோடு சோதிக்க வேண்டும். உப்பு கூடினால் பியூரெட்டில் இறங்குகிற அளவும் கூடும். மேல் புட்டிக்கு 24.30 மில்லி இறங்கியது. நடுப் புட்டிக்கும் 24.30. ஜன்னலுக்கு வெளியே கார்களின் மேல் பனி விழ ஆரம்பித்துவிட்டது. ரூட் 46-இல் போன குளிர்காலம் அவர் கார் வழுக்கிப் போய் ஒரு பள்ளத்தில் நின்றிருந்தது; அந்தப் பயம் வேறு.

நோட்டில் மூன்று வரிசை. முதல் இரண்டும் ஒத்து வந்துவிட்டன. அவர் கை மூன்றாவது வரிசைக்குப் போய் 24.30 என்று எழுதியது. பூஜ்ஜியத்தோடு.

யோசித்துச் செய்தாரா என்றால் இல்லை. இது ஒரே உப்பை மூன்று தடவை சோதிக்கிற கல்லூரி அட்டவணை இல்லை, மூன்றும் வேறு வேறு புட்டி என்பது கைக்குத் தெரியவில்லை. பதினேழு வருடம் பழகிய கை. சிவராமகிருஷ்ணன் 'சரிபார்த்தது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை பனியெல்லாம் தள்ளி ஒதுக்கிய பிறகு திருமூர்த்தி அடுத்த சோதனையில் இறங்கிவிட்டார். மருந்துக் கம்பெனி அந்தச் சரக்கில் பாதியைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டது.

அடுத்த மாதம் கயலுக்குப் பள்ளியில் இதே சோதனை வந்தது. சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து வைத்திருந்தாள். மூன்று வரிசையில் மூன்று எண்: 18.20, 18.25, 18.90. திருமூர்த்தி எட்டிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார்.

"இதென்ன கண்ணு, மூணாவது இப்படி அலையுது? ரெண்டும் ஒத்து வந்துச்சுல்ல? மூணாவது அதே போட்டுர வேண்டியதுதானே?"

"பட் தட்ஸ் வாட் ஐ காட், அப்பா."

"வந்ததையெல்லாம் எழுதுவாங்களா? மூணும் ஒத்து, கான்கார்டன்ட்டா இருக்கோணும். நான் எத்தன பேருக்கு மார்க் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"தட்ஸ் சீட்டிங்," என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவையே ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட்டாள் என்று எழிலரசியிடம் இரண்டு நாள் புலம்பினார். இந்த நாட்டுப் படிப்பு மரியாதையைக் கெடுத்துவிட்டது என்றுகூடச் சொன்னார்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சிவராமகிருஷ்ணன் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசை மேல் அந்த மூன்றாவது புட்டி இருந்தது. லேபிளில் 'அடி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"வியாழக்கிழமை அந்த மருந்துக் கம்பெனி ஆடிட்டர் வர்றாங்க. மிச்ச சாம்பிள் எல்லாத்தையும் எடை போட்டு, டாலி பண்ணி, டிஸ்போஸ் பண்ணப் போறாங்க. நான் முன்னாடியே ஒரு தடவை செக் பண்ணிரலாம்னு பாத்தேன். மேல் புட்டில எட்டு கிராம் இருக்கு. நடுவுலயும் எட்டு. இதுல ஒம்போது புள்ளி ஒம்போது ஏழு இருக்கு, திரு."

திருமூர்த்திக்குப் பிப்ரவரி மாதத்துப் பனியும் ரேடியோவும் ஒரு நொடியில் கண்முன் வந்துவிட்டன.

"சீல் உடைக்கவே இல்ல. ஒரு கேள்வி கேக்கறேன், மறைக்காம சொல்லு. மூணாவது வேல்யூ பண்ணியா, போட்டியா?"

இந்தக் கேள்வியை அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் கேட்டிருக்க முடியாது. இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"போட்டுப்போட்டேன் சிவா," என்றார் திருமூர்த்தி.

சிவராமகிருஷ்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திட்டுவார் என்று இவர் காத்திருந்தார். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "இது இங்க என்னன்னு பேர் தெரியுமில்ல? டேட்டா ஃபால்சிஃபிகேஷன், பொய் ரெக்கார்டு எழுதறது. உன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு. எனக்கு இன்னும் கிரீன் கார்டு இன்டர்வியூகூட ஆகல. என் பையன் அடுத்த வருஷம் காலேஜ் போறான்." புட்டியை இவர் பக்கம் நகர்த்தினார். "சரி. டோனா டென்டிஸ்ட்கிட்ட போயிருக்கா, மூணு மணிக்குத்தான் வருவா. எல்லாரும் லஞ்ச்ல இருக்காங்க. நீ போய் இதுல ரெண்டு கிராம் எடுத்து சிங்க்ல கொட்டிட்டுத் தண்ணியத் தொறந்து விட்டுரு. புட்டி டாலி ஆயிடும். நான் எதையும் பாக்கல."

"தப்பா ஏதாச்சும் இருந்துச்சுன்னா..."

"என்னடா இருக்கும்? மேல இருபத்திநாலு முப்பது, நடுவுல இருபத்திநாலு முப்பது. அடில மட்டும் என்ன ஆகாசத்துலேர்ந்தா வரப்போகுது? அதேதான் வரும்."

காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும் என்று நினைத்தபோது திருமூர்த்திக்கு உண்மையிலேயே நெஞ்சு லேசானது. புட்டியை வெள்ளைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனார். சீலை உடைத்தார். தராசில் காகிதத்தை வைத்துத் தூளைத் தட்டித் தட்டி 2.00 கிராம் எடுத்தார். சிங்க்கில் கொட்டப் போவதைக்கூட இரண்டு தசமம் பார்த்து அளக்கிற மனிதர் அவர்.

சிங்க்குக்கு முன்னால் நின்றார். குழாயைத் திறந்தார். காகிதத்தைச் சாய்க்க வேண்டியதுதான் பாக்கி.

சாய்க்கவில்லை. நேர்மை பொங்கி வந்ததென்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குத் தூக்கம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு தடவை செய்து பார்த்து, 24.30 வந்துவிட்டால், போட்டது பொய்யில்லை, கொஞ்சம் தாமதமாகச் செய்த உண்மை என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். தூள் எப்படியும் தீர்ந்துபோகும். புட்டி டாலி ஆகும். குழாயை மூடிவிட்டுக் குடுவையை எடுத்தார்.

கரைத்து நூறு மில்லியாக்கினார். இருபது மில்லியைப் பிப்பெட்டில் எடுத்துக் குடுவையில் விட்டார். குரோமேட் நாலு சொட்டு விட, எலுமிச்சம்பழ மஞ்சள் வந்தது. பியூரெட்டைத் திறந்தார். வெள்ளி நைட்ரேட் விழ விழத் தயிர் திரிகிற மாதிரி வெள்ளையாகக் கட்டிக்கொண்டு வந்தது. விழுந்த இடத்தில் செங்கல் நிறம் தோன்றும், குலுக்கினால் மறைந்துவிடும். மறையாமல் நின்றால் முடிவு. இருபத்து மூன்று வரை வேகமாக விட்டுவிட்டு அப்புறம் சொட்டுச் சொட்டாக விட்டார். கண்ணை அளவுக்கு நேராக வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தார்.

24.30 வந்தது. செங்கல் நிறம் மறைந்துபோனது.

24.50. மறைந்தது. இன்னும் குலுக்க வேண்டுமோ என்று குலுக்கினார். 25 தாண்டியது. அவர் உதடு அவரை அறியாமல் "நில்லு, நில்லு சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தது. 26. இந்த மருந்துக்கு அதிகபட்சம் 26.50 வரை போகலாம், அதற்கு மேல் போனால் சரக்கு தேறாது என்பது அவருக்கு மனப்பாடம். 26.50-ம் தாண்டியது. குடுவையை அவசரமாகக் குலுக்கியதில் ஒரு சொட்டு வெளியே தெறித்தது. 27.90-இல் செங்கல் நிறம் வந்து, எவ்வளவு குலுக்கியும் போகவில்லை.

பாழாய்ப்போன அவசரத்தில் தப்பு வந்திருக்கும் என்று நினைத்தார். இன்னொரு இருபது மில்லி எடுத்துச் செய்தார். 27.90. இரண்டும் ஒத்து வந்துவிட்டன. இப்போது மூன்றாவது தடவையும் எடுத்தார். ஆய்வகத்தில் கழித்த முப்பது வருடத்தில், இரண்டு ஒத்து வந்த பிறகு மூன்றாவதை அவர் செய்தது அதுதான் முதல் தடவை. 27.85 வந்தது. ஒரு சொட்டு வித்தியாசம். போட்டிருந்தால் 27.90 என்றுதான் போட்டிருப்பார்.

ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கலவை டிரம்மில் சரியாகக் கலக்கவில்லை. கனமான உப்பு அடியில் தங்கிவிட்டது. டிரம்மின் அடியிலிருந்து நிரப்பிய பாக்கெட்டுகளில் அளவுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். ஏற்கெனவே பலவீனமான இதயத்துக்குப் பொட்டாசியம் அதிகமானால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், பி.எஸ்ஸி. பையன்களுக்கே தெரியும். துடிப்பு தப்பும். நிற்கவும் நிற்கலாம். யாரோ ஒரு கிழவர் ஆரஞ்சு ஜூஸ் மாதிரி இருக்கிறதென்று ரசித்துக் குடித்துக்கொண்டிருப்பார்.

புட்டியில் இப்போது 7.97 கிராம் இருந்தது. கணக்கு சரியாகிவிட்டது. சீல் உடைந்திருந்தது. பொருண்மை அழியா விதிக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு கிராம் எங்கே போக வேண்டுமோ அங்கே போய்விட்டது. அவர் குடுவைகளைக் கழுவி வைத்துவிட்டுச் சாண்ட்விச் சாப்பிடப் போனால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவர் அப்படியே செய்ய நினைத்தார். குடுவைகளை ஒவ்வொன்றாகக் காலி செய்து கழுவினார். செங்கல் நிறம் சிங்க்கில் சுழன்று இறங்கிப் போயிற்று.

சுவரில் இருந்த போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"ஏனுங்க, இந்நேரத்துல? சாப்புட்டீங்களா?" என்றாள் எழிலரசி.

"ஊருக்குத் திரும்பிப் போயிட்டா என்னங்கறே?"

அவள் மெதுவாகக் கேட்டாள். "வேலைல ஏதாச்சுமுங்களா?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மாவெல்லாம் கேக்காதீங்க. கயலு அங்க எந்த காலேஜுல சேருவா? அவளுக்குத் தமிழ்ல படிச்சதெல்லாம் மறந்தே போச்சு. வீட்டையும் வித்துப்போட்டோம். எங்கீங்க போயி இறங்கறது? எங்கண்ணன் வீட்டுத் திண்டாட்டம் உங்களுக்குத் தெரியாதா? எப்படியாச்சும் பல்லக் கடிச்சுட்டு இந்த ஒரு வருஷத்த ஓட்டிப்போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சரி, வெக்கறேன்," என்று வைத்துவிட்டார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். சத்தம் வெளியே போகாமல் கோட்டுக் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கடைசியாகப் பார்ப்பதற்காக அலமாரியிலிருந்து பிப்ரவரி நோட்டை எடுத்தார். அந்தப் பக்கம் அழகாக இருந்தது. அவர் கையெழுத்து எப்போதுமே அழகு. கல்லூரியில் பிள்ளைகளுக்குக் காட்ட அதைத்தான் வைத்திருப்பார்கள். மூன்று வரிசை, மூன்று 24.30. முதல் பூஜ்ஜியத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். இரண்டும் அவர் கண்ணால் பார்த்து எழுதியவை. மூன்றாவது பூஜ்ஜியமும் அதே மை, அதே வளைவு. பார்த்ததையும் பார்க்காததையும் பிரித்துக் காட்ட அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்ததும் அவருக்குத் தன் கையெழுத்தே அருவருப்பாக இருந்தது. மூவாயிரம் பிள்ளைகளின் நோட்டில் இந்த மூன்றாவது வரிசைக்குச் சிவப்பு மையில் டிக் அடித்திருக்கிறார். அதில் எத்தனை பேர் இன்றைக்கு எந்த எந்த மருந்துக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறார்களோ!

பேனாவை எடுத்தார். மூன்றாவது 24.30 மேல் ஒரே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் 27.90, 27.90, 27.85 என்று எழுதினார். அன்றைய தேதியைப் போட்டார். 'பிப்ரவரியில் இது செய்யப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கை நின்றுவிடும் என்று பயந்து வேகமாக எழுதியதில் அந்த ஒரு வரி மட்டும் கோணலாக இருந்தது.

டோனா மூன்று மணிக்கு ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு வந்தார். திருமூர்த்தி நோட்டை விரித்து அவர் மேசையில் வைத்தார். டோனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். போனை எடுத்து மருந்துக் கம்பெனிக்கு அடித்து, கிடங்கில் இருக்கிற பாக்கெட்டுகளை நிறுத்துங்கள், வெளியே போனதைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொன்னார். அப்புறம்தான் திருமூர்த்தியை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் திரு?" என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊரில் அப்படித்தான் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சொன்னாலும் அது பதில் ஆகாது என்று தெரிந்தது.

நாலு மணிக்கு மேலதிகாரி ஒருவர் வந்து அவருடைய பேட்ஜை வாங்கிக்கொண்டார். கடிதம் தபாலில் வரும் என்றார். அமெரிக்காவில் பேட்ஜை வாங்கிக்கொண்டால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. சிவராமகிருஷ்ணனின் பேட்ஜையும் வாங்கிவிட்டார்கள் என்பது அவருக்குக் கார் நிறுத்துமிடத்தில்தான் தெரிந்தது. அவர் தன் காருக்குப் பக்கத்தில் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு நின்றிருந்தார்.

"சிங்க்ல கொட்டுன்னுதானேடா சொன்னேன்?" என்றார். "உன்னை இங்க கொண்டுவந்ததே நான். என் குடும்பத்தை நெனச்சியா நீ?"

"அடில இருபத்தேழு தொண்ணூறு வந்துச்சு சிவா."

"வந்தா?" என்று கத்தினார் சிவராமகிருஷ்ணன். அதற்குள் அந்த எண் அவருக்கும் உறைத்துவிட்டது. அவரும் கெமிஸ்ட்தானே! அவர் காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டார். இருபத்தைந்து வருட சிநேகம் அந்தச் சத்தத்தோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்தபோது எழிலரசி வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. திருமூர்த்தி ஷூவைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

கயல் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். அன்று அவள் ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். மார்ச் மாதத்திலிருந்து அப்பாவோடு சரியாகப் பேசாதது அவளுக்கே உறுத்திக்கொண்டிருந்தது போலிருக்கிறது. வருடக் கடைசி லேப் பரீட்சையின் நோட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்து வைத்தாள். மேலே பெரிதாகச் சிவப்பு மையில் ஏ ப்ளஸ். 'அருமையான துல்லியம்' என்று டீச்சர் எழுதியிருந்தார்.

"யூ வேர் ரைட், அப்பா," என்று அவர் தோளில் கையைப் போட்டாள். "ஐ டிட் இட் யுவர் வே."

திருமூர்த்தி பார்த்தார். மூன்று வரிசை. 21.40, 21.40, 21.40. எழுத்தும் அவர் எழுத்து மாதிரியே அழகாக இருந்தது. அவர் விரல் மெதுவாக நகர்ந்து மூன்றாவது பூஜ்ஜியத்தில் போய் நின்றது.

"இது பண்ணுனதா சாமி, போட்டதா?"

அந்தச் சொல்லுக்கு அவளிடம் ஆங்கிலம் இல்லை. ஐந்து வருடமாக அவர் எது கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண், அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னாள்.

"போட்டதுதான்ப்பா."